அரை பிளேடின் ஆயுள்

மெர்போக் ஆறு கடலோடு சேரும் வாயில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். பீடோங், செமிலிங், சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது நெத்திலிக் கருவாடு வாங்கப் போகிற ஊர். ஜெட்டியில் படகேறினால் அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா. காயப்போட்ட நெத்திலியின் வாசனை ஊருக்குள் நுழையும்போதே வந்துவிடும். உப்புக்கு வாசனை கிடையாது, அதனால் அது வந்து உட்காருவது தெரிவதில்லை. வேலிக் கம்பி, மோட்டார் சைக்கிள் செயின், கூரைத் தகரத்தின் ஆணி என்று இரும்பு சம்பந்தப்பட்ட எதையும் அது விட்டுவைப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு நாள் தங்கப் போகிறவர், பையில் எந்தச் சவரக்கத்தியை எடுத்து வைப்பது?

நான் சொல்ல வருவது பிளேடு மாற்றும் மடக்குக் கத்தியைப் பற்றி. முடிவெட்டுக் கடையில் கடைசியாகக் காதோரமும் பிடரியும் வழிக்க எடுப்பார்களே, அதே கத்தி. பார்வைக்குத் தாத்தா காலத்துச் சவரக்கத்தி போலவே இருக்கும். ஆனால் அதற்குச் சாணைக்கல் வேண்டாம், தீட்டுவார் வேண்டாம். கைப்பிடியின் தலையில் ஒரு பிளவு, அந்தப் பிளவில் பாதியாக ஒடித்த சாதாரண பிளேடு. அவ்வளவுதான். இப்போது வீட்டில் தாமாகவே சவரம் செய்துகொள்பவர்களும் இதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பயணத்துக்கும் எடுத்துப் போகிறார்கள். கடையில் அவர்கள் பார்ப்பது கைப்பிடியை: மரமா, எஃகா, டிராகன் படம் போட்டதா என்று. என் அபிப்பிராயத்தில் கைப்பிடி இரண்டாம் பட்சம். அதற்குள் ஒரு பிளேடு எப்படி வாழ்கிறது, எதனால் சாகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கைப்பிடி வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இருபுறமும் கூருள்ள சாதாரண பிளேடு சுமார் 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. தாடி முடி ஒன்றின் தடிப்பும் ஏறத்தாழ அதே 0.1 மில்லிமீட்டர்தான், சிலருக்கு இன்னும் கூட. ஆனால் முடியைச் சந்திப்பது பிளேடின் உடம்பு அல்ல, அதன் விளிம்பு. நல்ல புது பிளேடின் விளிம்பு நுனியின் வளைவு ஆரம் சில பத்து நானோமீட்டர். முடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. உலோகம் சுமார் 13 விழுக்காடு குரோமியமும் 0.6 முதல் 0.7 விழுக்காடு கரிமமும் கலந்த எஃகு. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிரவைத்து, கடினமான மார்ட்டன்சைட் அமைப்புக்குக் கொண்டுவருகிறார்கள். தீட்டிய விளிம்பின் மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற கடினப் பூச்சு ஒன்று. அதற்கும் மேலே டெஃப்லான், அதாவது ஒட்டாத வாணலியில் இருக்கிற அதே பொருள், மிக மெல்லிய படலமாக. புது பிளேடு தோலில் வழுக்கிப் போவதாகத் தோன்றுவதில் பாதிப் புண்ணியம் அந்தப் படலத்துக்குச் சேர வேண்டும்.

எஃகோடு ஒப்பிட்டால் முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருக்க, இவ்வளவு கடினமான எஃகை முடி எப்படி மழுங்க வைக்கிறது? தேய்ந்துபோகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தோம். 2020 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் வேறு பதில் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஜியான்லூகா ரோசியோலி தன் முகத்தையே சோதனைக்குக் கொடுத்தவர். சவரம் செய்வார், ஒவ்வொரு முறையும் பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் படமெடுப்பார். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டுபோயிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். படத்தில் தெரிந்ததோ சில்லுகள். விளிம்பில் அங்கங்கே சிறு துண்டுகள் பெயர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் முடியின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

அடுத்தபடியாக, நுண்ணோக்கிக்கு உள்ளேயே முடியை வெட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்தார்கள். முடியை அசையவிடாமல் பிடித்து, பிளேடை நேர் குத்தாக இறக்கினால் விளிம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முடியின் ஒரு நுனியைத் தளரவிட்டு, வெட்டும்போது வளைய இடம் கொடுத்தால் சில்லு பெயர்ந்தது. அதுவும் முடியின் பக்கவாட்டு ஓரம் பிளேடைத் தொடுகிற இடத்தில். எஃகும் உள்ளுக்குள் ஒரே சீரானது அல்ல. நுண்ணளவில் அதில் கடினமான பகுதியும் சற்று இளகிய பகுதியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வளையும் முடியின் ஓரம் இந்த இரண்டின் எல்லையில் போய் அழுத்தினால் தகைவு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. அங்கே எஃகு விட்டுக்கொடுக்கிறது. கோணம், இடம், எஃகின் உள் அமைப்பு மூன்றும் தற்செயலாக ஒத்துப்போக வேண்டும். ஒரு முகத்தில் ஆயிரக்கணக்கான முடி இருக்கும்போது அந்தத் தற்செயல் எங்காவது நிகழாமல் போகாது.

இந்த ஆய்வு மடக்குக் கத்தியை வைத்துச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் மடக்குக் கத்திக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருப்பதாக நினைக்கிறேன். முடி வளையாமல் நிற்கும்படி தோலை இழுத்துப் பிடிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. அது பிளேடுக்கும் நல்லது. இரண்டாவது, பிளேடு தன் இருப்பிடத்தில் ஆடக்கூடாது. 0.1 மில்லிமீட்டர் தகடு பிளவுக்குள் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு முடியிலும் அது அதிரும், நெளியும், கோணம் மாறும். மலிவான கத்தியால் கன்னம் எரிந்தால் பலர் பிளேடைக் குறை சொல்கிறார்கள். பிளேடு பாவம், அதைப் பிடித்திருக்கும் பிளவின் உதடு சரியில்லை.

தண்ணீருக்கு வருவோம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிணைப்புகள் விட்டுக்கொடுக்கும். நன்றாக ஊறிய முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை ஏற்கும். குறுக்களவு 15 விழுக்காடு அளவுக்குப் பெருக்கும். நீளமோ ஒன்றிரண்டு விழுக்காடுதான் கூடும். காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசை, ஊறிய முடிக்குக் கணிசமாகக் குறைகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். மேலைநாட்டுப் புத்தகங்களில் சுடுதண்ணீர், சூடான துண்டு என்று படிப்பவர்கள் அதை அப்படியே இங்கே கடைப்பிடிக்கப் பார்க்கிறார்கள். குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீருக்குச் சொன்ன யோசனை அது. கெடாவில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரே வெதுவெதுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்தால் வேறு எதுவும் வேண்டாம். முகத்து எண்ணெய்ப்பசை தண்ணீரை உள்ளே விடாது என்பதால் முதலில் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவது மட்டும் முக்கியம்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கும். இங்கே பொங்கிப் பொங்கி வந்த சவர சோப்பு, அங்கே போர்த் தண்ணீர் வருகிற விடுதியில் நுரைக்கவே மாட்டேன் என்னும். சோப்பு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடுகின்றன. அது தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்க வேண்டும். இந்த ஊர்களுக்குப் போகும்போது டியூபில் வரும் சவர கிரீம் கொண்டு போகலாம், அல்லது முகத்துக்கு மட்டும் ஒரு குவளை குடிதண்ணீரைச் செலவழிக்கலாம். நுரை அலங்காரத்துக்கு அல்ல. முடியில் ஏறிய தண்ணீர் காற்றில் போய்விடாமல் அது மூடி வைக்கிறது, பிளேடுக்கு வழியும் கொடுக்கிறது.

இனி உப்பு. துருப்பிடிக்காத எஃகு என்பது பாதி உண்மை. எஃகில் குரோமியம் 11 விழுக்காட்டுக்கு மேல் போகும்போது, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடு படலத்தை அமைத்துக்கொள்கிறது. கீறினால் தானே மூடிக்கொள்ளும். இந்தப் படலத்தின் எதிரி குளோரைடு அயனி. கடலுப்பில் இருப்பது அதுதான், வியர்வையில் இருப்பதும் அதுதான். அது படலத்தில் ஒரு புள்ளியைத் துளைத்தால் அங்கே குழி விழத் தொடங்குகிறது. கதவுக் கீலில் ஒரு மைக்ரான் குழி விழுந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? பிளேடின் விளிம்பிலோ, அதே குழி நுனியைவிடப் பல மடங்கு பெரிய பள்ளம்.

அதைவிட மோசமானது, ஈரமான பிளேடைக் கத்தியின் பிளவிலேயே விட்டுவைப்பது. பிளேடுக்கும் கைப்பிடி உதட்டுக்கும் இடையில் தேங்கும் தண்ணீருக்குள் ஆக்சிஜன் புதிதாக வருவதில்லை. ஆக்சிஜன் இல்லையென்றால் படலம் தன்னைத் தைத்துக்கொள்ள முடியாது. குளோரைடும் அங்கே மெல்லமெல்லச் சேர்ந்துவிடும். படகு கட்டுபவர்களும் குழாய் பொருத்துபவர்களும் பயப்படுகிற இடுக்கு அரிப்பு இதுவே. கடலோர விடுதிக் குளியலறையில், சோப்பு நுரையோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் பிளேடின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால் ஆச்சரியமில்லை. ஏர்கண்டிஷன் அறையின் குளிர்ந்த கத்தியை வெளிக் காற்றில் திறந்தால் அதன் மேல் பனி பூக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரும்போடு இந்தப் பகுதிக்கு இருக்கிற உறவு நேற்று வந்ததல்ல. தஞ்சோங் டாவாயிலிருந்து ஆற்றோடு உள்ளே வந்தால் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டியபோது பழங்கால இரும்பு உருக்கும் பட்டறைகளின் எச்சங்கள் வெளிவந்தன: உலைகள், கசடு, துருத்தியிலிருந்து உலைக்குக் காற்று செலுத்திய களிமண் குழல்கள். காலக் கணிப்பில் சர்ச்சை உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது என்பது வரை தயங்காமல் சொல்லலாம். சோழர் கடாரத்தின் மேல் படையெடுத்த 1025 ஐ எல்லோரும் பேசுகிறோம். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மெர்போக் கரையில் இரும்பு காய்ச்சினார்கள் என்பதைப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவின் மூசை எஃகு ஐரோப்பாவுக்குப் போய், லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வணிகரின் கைக்கு வந்தது. அவர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அந்த எஃகின் ரகசியத்தைத் தேடினார். 1820 இலும் 1822 இலும் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளில் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று பலதையும் கலந்து பார்த்தார்கள். குரோமியமும் அதில் ஒன்று. ஃபாரடே தன் கலவை எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆனால் அவர்கள் கலந்த குரோமியம் கொஞ்சம்தான். துருவை நிறுத்தும் அளவுக்கு, சுமார் 12.8 விழுக்காடு, கலந்த எஃகு 1913 இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லியிடம் பிறந்தது. அதற்குள் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1904 இல் மாற்று பிளேடு ரேசருக்கான காப்புரிமை கிடைத்துவிட்டது. அவருடைய பிளேடு கரிம எஃகு, ஈரம் பட்டால் துரு. வில்கின்சன் சோர்டு நிறுவனத்தின் துருப்பிடிக்காத பிளேடு 1960 களின் தொடக்கத்தில் சந்தையைப் பிடிக்கும்வரை அதுவே நிலைமை. தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதும், கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்துத் தீட்டுவதும் அந்தக் காலத்து வேலைகள். தோட்டத்து லயங்களில் வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டால் தம்ளர் கதையைச் சொல்வார்கள்.

முடிவெட்டுக் கடைக்காரர்கள் தீட்டும் கத்தியை விட்டுவிட்டு பிளேடு கத்திக்கு வந்ததற்குக் காரணம் வசதி மட்டும் அல்ல. ரத்தம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ், காய்ந்த ரத்தத்தில் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு தொற்றும் திறனுடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். ஒரே கத்தியை அடுத்தடுத்த முகங்களில் வைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மலேசியா 1989 இல் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசியைச் சேர்த்தது; அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் 1986 இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, 'புது பிளேடு போடுங்க' என்பது சவர நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தையாகிவிட்டது. சிலர் பிளேடைக் கையோடு வாங்கிக்கொண்டே போனார்கள். உண்மையில் சவரத்தில் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யைவிட மிக அதிகம். பயம் வந்தது ஒன்றின் பெயரால், பலன் கிடைத்தது இன்னொன்றுக்கு.

பிளேடை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பிளவை மறந்துவிடுகிறார்கள். ரத்தமும் முடித்துணுக்கும் போய் ஒளிவது அங்கேதான். கடைக்காரர் கைப்பிடியைத் திறந்து, தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் வைக்கிறாரா என்று பாருங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் கலவை வைரஸைக் கொல்லும். அதிலும் குளோரைடு உண்டு என்பதால் அலசாமல் விட்டால் கத்தியையும் தின்னும்.

பீடோங்கில் ஒரு கடையில் அண்ணன் ஒருவர் பிளேடு ஒடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். உறையைப் பிரிக்க மாட்டார். மெழுகுக் காகிதம் சுற்றியபடியே பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவில் நீளவாக்கில் வளைப்பார். டிக் என்று ஒரு சத்தம். நடுவில் இருக்கும் துளைகளின் வரிசைதான் பலவீனமான கோடு; எஃகு கடினமானது, அதனால் மடங்காமல் அங்கேயே முறிகிறது. ஒரு பாதியைக் காகிதத்தோடு மேசை இழுப்பறையில் போட்டார், இன்னொன்றைக் கத்தியில் செருகினார். ஒரு பாதி எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு பாதி தம்பி. அதுக்கு மேல போட்டா சட்டம் கேக்குறது அப்புறம், என் கையே கேக்கும். இழுக்கும்ல."

இந்தக் கைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பதும் மடக்குக் கத்தி வீடுகளுக்கு வருவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். முடிதிருத்தும் தொழிலில் ஆள் பற்றாக்குறை என்று மலேசியாவின் இந்திய முடிதிருத்தகங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2023 இல்தான் முடிதிருத்தம், ஜவுளி, நகை ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களை அனுமதிக்கப்போவதாக அரசு அறிவித்தது. தோட்டம் தோட்டமாக அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்கு வந்து வரிசையாக உட்காரவைத்து வழித்துவிட்டுப் போன மனிதர்களின் பேரப்பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தொழிலுக்கு ஊர் கொடுத்த மரியாதை அப்படி.

சரி, பயணத்துக்கு எதை வாங்குவது? சாதாரண பிளேடின் பாதியை ஏற்கும் கத்தியை. ஜப்பானில் செக்கி நகரத்துக் கத்தித் தொழில் பாரம்பரியத்தில் வந்த பெதர் நிறுவனம், இதற்கென்றே தடித்த ஒருபக்க பிளேடுகளும் அதற்கேற்ற கைப்பிடியும் செய்கிறது. அருமையான சாமான், பிளேடு நெளியாது, முகத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் அந்த பிளேடு மெர்போக் கடைத்தெருவிலும் கிடைக்காது, கும்பகோணம் பெட்டிக்கடையிலும் கிடைக்காது. பாதியாக ஒடிக்கும் பிளேடோ உலகத்தில் எந்த மூலையிலும், மளிகைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில், பற்பசைக்குப் பக்கத்தில் தொங்கும். பயணத்தில் இந்த ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும்.

அடுத்தது பூட்டு. பிளேடைப் பக்கவாட்டில் செருகும் வகை, தலை திறந்து மூடும் வகை, திருகு போட்டு இறுக்கும் வகை என்று மூன்று நான்கு உண்டு. தலை முழுவதுமாகத் திறக்கும் வகையை நான் சிபாரிசு செய்வேன். கழுவலாம், துடைக்கலாம், இடுக்கில் தண்ணீர் நிற்காது. மூடியபின் பிளேடை விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பார்த்தால் அசையக்கூடாது. பிளேடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு குறைவாக இருந்தால் புதியவர்களுக்கு நல்லது. அதைவிட முக்கியம் மூலைகள். அரை பிளேடுக்கு இரண்டு கூர்மூலை உண்டு. சவரத்தில் விழும் வெட்டுகளில் பெரும்பாலானவை விளிம்பால் வருவதில்லை, இந்த மூலைகளால் வருகின்றன. தலையின் நுனி உருண்டு, மூலையை மறைக்கிற கத்தியைத் தேர்ந்தெடுங்கள். முழுவதும் துருப்பிடிக்காத எஃகு நல்லது. மரக் கைப்பிடி அழகு, நம் ஈரத்துக்கு ஊறும். நிறமடித்த மலிவு இரும்பு உப்புக் காற்றுக்குப் போவதற்கு முன்பே கீலில் செந்நிறம் காட்டும்.

பிடிப்பதில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், அழுத்தாதீர்கள். பால் மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை: பட்டையை மெல்லியதாகச் சீவிக்கொண்டு போகிற கத்தி, உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும், ஆழத்தைக் கட்டுப்படுத்துவது கோணமும் கைப் பழக்கமும்தான், பலம் அல்ல. முகத்திலும் கத்தியைத் தோலுக்குச் சாய்வாக, 30 பாகைக்கு மேல் போகாமல் வைத்து, கத்தியின் எடையே இறங்கட்டும் என்று விட வேண்டும். பழைய தடித்த சவரக்கத்தி கொஞ்சம் அழுத்தத்தைப் பொறுக்கும். அரை பிளேடு பொறுக்காது. முடி சாயும் திசையிலேயே சிறு சிறு வழிப்பாக வாருங்கள். தாடையெலும்பின் வளைவில் தோலை மேலே இழுத்து, தட்டையான கன்னத்துக்குக் கொண்டுவந்து வழிப்பது நல்லது. குரல்வளை மேட்டில், எச்சிலை விழுங்கும் நேரத்தில் கத்தியை எடுத்துவிடுங்கள்.

சுருட்டை முடி நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் இன்னும் வழவழப்பு வேண்டும் என்று எதிர்த்திசையில் ஒருமுறை வழிக்கப் போனால், தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். கழுத்தில் வரிசையாகக் கொப்புளம் வருவது அதனால். ஒரு நாள் தாடி சொரசொரப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சீனாக்காரத்தைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் மேல் கீறலின் ரத்தம் நிற்கும். அதிலுள்ள அலுமினிய அயனி புரதத்தை உறைய வைக்கிறது. அதே கட்டியை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது, மேலே சொன்ன அதே வைரஸ் காரணம்தான். ஓடுகிற பஸ்ஸிலோ ரயிலிலோ படகிலோ இந்தக் கத்தியைத் திறப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

முடிந்ததும் பிளேடைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, உதறுங்கள். விளிம்பைத் துண்டில் இழுத்துத் துடைத்தால் மேல் பூச்சுக்கும் கேடு, துண்டுக்கும் கேடு. கைப்பிடியைத் திறந்தபடி மின்விசிறிக் காற்றில் வையுங்கள், குளியலறைக்கு வெளியே. மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கத்தி உறைக்குள் போட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோர ஊரில் அரை பிளேடை மறுநாளுக்குச் சேமிப்பது எனக்கு மிச்சமாகத் தோன்றவில்லை. ஒரு சவரத்துக்கு ஒரு பாதி, அண்ணன் சொன்ன கணக்கு.

விமானத்தில் கேபின் பையில் இது போகாது. உறைக்குள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரைப் பொதுவாக விடுகிறார்கள்; தனி பிளேடையும் பிளேடு போட்ட மடக்குக் கத்தியையும் பரிசோதனை மேசையிலேயே எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடுங்கள், பிளேடை உறையோடு, கைப்பிடியைத் தனியாக. கேபின் பையோடு மட்டும் மூன்று நாள் போகிறவர் கார்ட்ரிட்ஜ் ரேசரை எடுத்துக்கொண்டு பேசாமல் போகலாம். பெட்டி அனுப்புகிறவர் வெறும் கைப்பிடியை மட்டும் அதில் வைத்துவிட்டு, இறங்கிய ஊரில் பிளேடு வாங்கவும் செய்யலாம். தரைவழிப் பயணத்திலும் கத்தியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். சட்டபூர்வமான காரணமில்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவில் 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான குற்றம். சவர சோப்பு, பிரஷ் இவற்றோடு பெட்டிக்குள் இருக்கும் சவரக்கத்தி சவரக்கத்திதான். நள்ளிரவில் இடுப்பில் இருந்தால் அதை விளக்குவது கஷ்டம்.

பயன்படுத்திய பிளேடை விடுதிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வருகிறவர்கள், மறுநாள் அந்தப் பையைக் கையால் அள்ளுகிற பெண்ணை நினைப்பதில்லை. மழுங்கிய பிளேடு முடிக்குத்தான் மழுங்கல். விரலுக்குப் போதுமான கூர் அதில் இருக்கும். காலியான மூடி போட்ட மாத்திரை டப்பா ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் காலி மைலோ டின் மூடியில் ஒரு கீறல் போட்டு, உண்டியலில் காசு போடுவதுபோல் உள்ளே தள்ளி, நிறைந்ததும் கீறலையும் மூடியையும் டேப் சுற்றி ஒட்டிவிட்டுக் குப்பையில் போட்டால் யார் கையையும் கிழிக்காது. சராசரி ஆள் ஒருவருக்கு அந்த டின் நிறைய வருடக்கணக்காகும்.